மலையேறாத வண்டி

"ஒரே ஓனர், மேட்டூர் டாக்டர்.
மலைப்பக்கமே போனதில்லை"
என்றுதான் மாதேசன் சாவியைத் தந்தார்.

மூன்றாம் நாள்
பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடியது.
இடது இண்டிகேட்டர் போட்டால்
ரேடியோ செத்தது.
கோரிமேடு இறக்கத்தில்
பெடல் பஞ்சாய் உள்ளே போனது.
ஹேண்ட் பிரேக்கும் குலசாமியும் நிறுத்தினார்கள்.

குகை பட்டறையில் இன்பராஜ்
டெஸ்ட் லாம்ப்பைப் பல்லில் கவ்வியபடி
ஃபியூஸ் பெட்டியைத் திறந்தான்.
எலிக்கூடு.
குதறிய ஒயர், பச்சை பூத்த எர்த் போல்ட்,
நடுவே ஒரு பிடி
காப்பிக்கொட்டைத் தொலி.

சக்கரத்தைக் கழற்றினான்.
டிஸ்க் நீலம் பாரித்திருந்தது.
"இருபது ஹேர்பின்னும்
பிரேக்கிலேயே இறங்கியிருக்காரு, அக்கா."

புது ஃப்ளூயிட் ஊற்றி, காற்றெடுத்து,
பெடல் இப்போது காலை எதிர்த்துப் பேசுகிறது.

கூட்டை மட்டும் கலைக்காமல்
கேரிபேக்கில் வாங்கிக்கொண்டேன்.
மாதேசனிடம் காட்ட
வேறு சாட்சி இல்லை.