பாக்கி

முத்திரை நேராக விழுந்திருந்தால்
எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.
கிசுமுவின் இந்தச் செவிலியர் கல்லூரியில்
பதினோரு வருடமாக ஜன்னலோர மேசை என்னுடையது.
நானூறு தாளுக்கு ஒரே மூச்சில் குத்தும்
எந்தத் தலைமையாசிரியருக்கும்
கை கோணாமல் இருந்ததில்லை.

போன மாதம் ஒருவன் வந்தான்.
பள்ளி திறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே
அங்கே படித்து முடித்திருந்தான்.
சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான்.
பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து
வெகுநேரம் அழுதானாம்,
காவலாளி வசீகே சொன்னார்.

இன்றைக்கு அபோண்டி.
நகக்கண்ணில் ஒமேனா மீனின் வெள்ளிச் செதில்.
தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்:
நீர்க்குறி இல்லை,
ஓரத்தில் மினுங்க வேண்டியது மினுங்கவில்லை.
அவள் முகத்தைப் பார்க்காமல்
பள்ளிக்குத் தொலைபேசினேன்.

பேரேடு புரளும் சத்தம், எங்கோ ஒரு கோழி,
பிறகு காசாளர் ஒபுராவின் குரல்:
"உயிரியல் பி பிளஸ். சுவாஹிலி ஏ மைனஸ். கணிதம் சி.
எல்லாம் சரி மேடம், எங்கள் பிள்ளைதான்.
ஆனால் சான்றிதழ்
எங்கள் அலமாரியில் அல்லவா இருக்கிறது?
நாற்பத்தோராயிரம் ஷில்லிங் பாக்கி."

அச்சடித்தவன் கேட்டானாம்:
இன்னும் இருநூறு கொடு,
கணிதத்தை பி ஆக்கிவிடுகிறேன்.
நான் வாங்கியது சி, என்றிருக்கிறாள்,
கள்ளத்தாளின் மை காயும்வரை
அந்தச் சந்துக் கடையில் நின்றுகொண்டு.

என் படிவத்தில் இரண்டே கட்டம்:
உண்மை, போலி.
எழுத்தெல்லாம் மெய், தாள் மட்டும் பொய் என்றால்
பேனாவை எங்கே ஊன்றுவது?
ஊன்றினேன்.
விதி பழகிய கை. என்னைக் கேட்கவில்லை.

"அதையாவது திருப்பித் தருவீர்களா?
மூவாயிரம் கொடுத்தேன்."

முடியாது. போலி, கோப்பில் இருக்க வேண்டும்.
ஆக,
அசல் அங்கே ஓர் இரும்பு அலமாரியில்,
நகல் இங்கே ஓர் இரும்பு அலமாரியில்.
வெறுங்கையோடு அவள்
வாசலில் நின்ற போடா-போடாவின் பின்னே ஏறினாள்.
பிடித்துக்கொள், என்றான் ஓட்டுகிறவன்.
ஏரிப் பக்கமிருந்து மழை வந்துகொண்டிருந்தது.

சேர்க்கை வெள்ளியோடு முடிகிறது.
இன்று செவ்வாய்.
உகாலி தட்டில் ஆறிக் கெட்டியானது.
மறுபடி அழைத்தேன்.
தவணையில் வாங்குவீர்களா?
முதல் தவணை வந்ததும் தாளைக் கொடுப்பீர்களா?

தலைமையைக் கேட்டுவிட்டு வந்தார் ஒபுரா.
கொடுப்போம், என்றார்.
யார் கட்டுகிறார்கள், எதற்காக,
எதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று:
"ரசீது யார் பெயரில் போடட்டும்?"

பதினோரு வருடத்தில் முதல்முறையாக
என் நாக்கு நுனியில்
ஒரு பொய்ப் பெயர்.