லோனி எந்தக் கட்டத்தில்?

கேஷுவால்டி சுவரில் ஒட்டியிருக்கிறோம்,
டேப்பின் ஓரங்கள் பழுப்பேறிவிட்டன:
இரண்டு வயதுக்குள் மூச்சிரைத்து வந்தால்
மேலிருந்து கீழே இறங்க வேண்டிய வழி.
கட்டம், அம்பு, கட்டம்.
அதில் அதிகம் வருகிற சொல் 'வேண்டாம்'.
எக்ஸ்ரே வேண்டாம். ஸ்டீராய்டு வேண்டாம்.
ஆன்டிபயாட்டிக் வேண்டாம். நெபுலைசர்கூட வேண்டாம்.
மூக்கைச் சுத்தம் செய், பாலூட்டச் சொல், காத்திரு.

ஆறு வருஷம் படித்து, மூன்று வருஷம் தூங்காமல்
நான் கற்றது இதைத்தானா,
கையைக் கட்டிக்கொள்ள?

டாக்டர் சாப்ரா அதைப் படித்ததில்லை.
"காகிதம் மூச்சு விடுமா?" என்பார்.
எல்லாக் குழந்தைக்கும் எல்லாமும் எழுதுவார்.
ஒரு வாரத்தில் தேறிவிடும்.
எழுதாவிட்டாலும் அதே ஒரு வாரம்தான்.
நன்றி மட்டும் அவருக்குப் போகும்,
தீபாவளிக்குக் காஜு கத்லியாக.
நானும் தின்றிருக்கிறேன்.

நானும் எழுதியிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.
வரிசை படிக்கட்டைத் தாண்டிய ஒரு திங்கட்கிழமை.
வேண்டாம் என்று விளக்க ஏழு நிமிடம்,
அஸித்ரோமைசின் என்று கிறுக்க ஏழு நொடி.
அன்றைக்கு முழுக்க அந்தச் சுவர்ப் பக்கம்
கண்ணைத் திருப்பவில்லை,
கடன்காரன் கடையைத் தாண்டுகிறவளைப் போல.

இப்போது நவம்பர். ஷாதராவின் விளக்குக் கம்பங்கள்
கழுத்து வரை புகையில் நிற்கின்றன.
இரவு பதினொன்றேகால். தஸ்லீமின் மகள், ஏழு மாதம்.
சட்டையைத் தூக்கிவிட்டு
ஒரு நிமிடம் முழுதாக எண்ணுகிறேன்
(அரை நிமிடம் எண்ணி இரட்டிக்கக் கூடாது,
இதில் தாள் சொல்வதே சரி).
நாற்பத்தெட்டு.
அழுது ஓய்ந்தபின் இன்னொரு தரம்: ஐம்பத்திரண்டு.
கால் கட்டைவிரலில் சிவப்பு விளக்கு.
தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு.
அம்பு எங்கே இரண்டாகப் பிரிகிறதோ
சரியாக அங்கே படுத்துக் காலை உதைக்கிறாள்.

பால் குடிக்கிறாளா? பாதி.
அப்படியானால், கொஞ்சம் சாய்ந்து, கீழ்க்கட்டம்:
வீட்டுக்கு அனுப்பலாம்.
மோசமானால் உடனே திரும்பி வரச் சொல்லவும்.

"வீடு எங்கே?"
"லோனி, மேடம். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம்."
"எப்படி வந்தீங்க?"
"என் ஈ-ரிக்ஷாவில். கேட்டுக்கு வெளியே சார்ஜ் தீர்ந்துபோச்சு."

உடனே. திரும்பி.
இந்த இரண்டு சொல்லை எழுதியவர்கள் நல்லவர்கள்.
எத்தனையோ ஆயிரம் மூச்சுகளைச் சலித்துத்தான்
என் பயத்துக்கு ஒரு கைப்பிடி செய்து தந்தார்கள்.
அவர்கள் மேஜையிலிருந்து பார்க்கும்போது மட்டும்
எல்லா வீட்டு வாசலிலும் ஒரு கார் நிற்கும் போல.
லோனி எந்தக் கட்டத்தில்?
செத்துப்போன பேட்டரிக்கு அம்பு எந்தப் பக்கம்?

"அட்மிஷனா, டிஸ்சார்ஜா?" என்கிறாள் சிஸ்டர் கமலேஷ்.
ரெண்டுமில்லை.
படுக்கைக்கு மூன்று பேர் ஏற்கெனவே.
ஈசிஜி அறையில் பெஞ்சு காலி, விடியும்வரை இருக்கட்டும்.
ரிக்ஷாவை ஆம்புலன்ஸ் ஷெட்டில் சார்ஜுக்குப் போடச் சொல்.
மருந்து?
உப்பு நீர். மூக்குக்கு. இரண்டிரண்டு சொட்டு.

"அவ்வளவுதானா?"
அடுத்த கட்டிலில், சாப்ராவின் பேஷன்ட்,
முகமூடியிலிருந்து புகை புகையாய் வருவதையே பார்க்கிறான் தஸ்லீம்.
நாற்காலியை இழுத்துப் போட்டு
ஏழு நிமிடம் எடுத்துக்கொள்கிறேன்.

ரெஜிஸ்டரில், காரணம் என்ற இடத்தில்
'லோனி' என்று எழுதினேன்.
காலைக் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள்.

இரண்டு மணி: நாற்பத்தாறு.
மூன்றரை: ஐம்பத்தொன்று, மூக்கடைப்பு.
அவள் அம்மா உட்கார்ந்தபடியே தூங்குகிறாள்,
ஒரு உள்ளங்கை மட்டும் குழந்தையின் வயிற்றில்
விழித்திருக்கிறது.
நாலே முக்காலுக்கு மறுபடி எண்ண ஆரம்பித்து
இருபத்தேழில் இருக்கும்போது
கண்ணைத் திறந்தவள் என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுக்க
கணக்கு விட்டுப்போய்,
ஒன்றிலிருந்து.