எழுபத்தெட்டு

மகனுடைய பழைய கணக்கு நோட்டில்
ஒரு கட்டம் பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன்.
கதவு, ஜன்னல், தண்ணீர் வரும் குழாய்,
சிலிண்டர் நிற்கும் மூலை:
இவை நகராதவை.
மிச்சம் முழுக்க எனக்கு.

மிச்சம் முழுக்க எனக்கு என்று
இதற்கு முன் எதைப் பற்றியும்
எழுதியதில்லை.

நான் நாலடி பத்தங்குலம்.
பத்தொன்பது வருஷத்தில் மூன்று வாடகை வீடு,
அதற்கு முன் ஒரு மாமியார் வீடு.
நாலு மேடையும் என் விலாவைத் தொட்டன.
ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி நின்றுவிட்டு வந்து
மாவு பிசையக் குதிகாலைத் தூக்கி நின்றிருக்கிறேன்.
தேங்காய் துருவ ஒரு பலகை,
பலகை ஆடாமலிருக்க அதற்கடியில் ஒரு சாக்கு.

நெய்யாற்றின்கரைக் கடையில்
அடுக்களைகள் அட்டைப்பெட்டிக்குள் தட்டையாகப் படுத்திருந்தன.
பெட்டி எழுபத்திரண்டு உயரம், கீழே கால் பத்து,
மேலே கல் இரண்டு. எண்பத்து நாலு.
"சேச்சீ, இதாணு ஸ்டாண்டர்ட்" என்றான் பிஜுமோன்.
யாருடைய ஸ்டாண்டர்ட் என்று கேட்டேன்.
கேட்டலாக்கைப் புரட்டினான் பாவம்,
உண்மையாகவே தேடினான்.

திரும்பும் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கம்:
எழுபத்திரண்டும் இரண்டும் எழுபத்து நாலு.
காலை மாட்டவே வேண்டாம்.
கல் வெட்டி மிஞ்சும் துண்டுகளை
இரண்டிரண்டாக ஒட்டி அடியில் வைத்தால் நாலு.
பாறசாலை தாண்டி
கடைப் போர்டுகள் தமிழுக்கு மாறுவதற்குள்
விடை வந்துவிட்டது.

லில்லிபுஷ்பம் மதினி பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"பிள்ள, நாளைக்கு வீட்ட விக்கணும்னா யாரு வாங்குவா?
வாறவ நெட்டையா இருந்தா?"
"குட்டையா இருந்தா?" என்றேன்.
காப்பியைக் குடித்து முடித்தாள்.

ஜஸ்டஸ் ஆறடி ஒன்று.
ஒன்றும் சொல்லவில்லை.
டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பதினேழு பெட்டி களியக்காவிளைக்கு வந்து இறங்கியது.
படத்தாளில் ஒரு மனுஷன் ஸ்குரூ திருகுகிறான்.
அவனுக்கு வாய் வரையவில்லை,
அதனால் சண்டையும் இல்லை.
நாங்கள் ஒரே கதவை மூன்று தடவை மாட்டினோம்.
மூன்றாவது தடவைக்கு முன்
அவன் வெளியே போய்
ஒரு பீடி தீரும் வரை நின்றுவிட்டு வந்தான்.

சுவரோ கோணல்.
நோட்டில் நேராகத்தான் இருந்தது.
உள்ளே சுவரோடு ஒட்டிய பெட்டி
முன்னால் மூன்று விரல் விலகி நிற்க,
அந்த இடுக்கில் ஜஸ்டஸ் தோசைக்கல்லைச் செருகிப் பார்த்தான்.
நின்றது.
நான் நாலு ராத்திரி உட்கார்ந்து போட்ட திட்டத்தில்
தோசைக்கல்லுக்கு இடமே இல்லை என்பது
அப்போதுதான் தெரிந்தது.

முதல் நாள் சாளைக் குழம்பு.
குதிகால் இரண்டும் தரையில் இருந்தன.
முழங்கை, மடங்க வேண்டிய இடத்தில் மடங்கியது.
அவ்வளவுதான் நடந்தது.
உப்புப் போட்டேனா என்று
இரண்டு தடவை சந்தேகம் வந்தது.

பாத்திரம் கழுவுவது அவன் முறை.
சிங்க்கும் எழுபத்தெட்டுதான்.
எழுதும்போதே எனக்குத் தெரியும்.
இரண்டு காலையும் அகட்டி,
தண்ணீர் குடிக்க வந்த ஒட்டகச்சிவிங்கி மாதிரி நின்றான்.
"வலிக்கா?"
"வலிக்கத்தான் செய்யுது."
பத்தொன்பது வருஷம் போகட்டும் என்று
நாக்கு வரை வந்தது.
சட்டியை நீட்டினேன்.

படுக்கும் முன் நோட்டை எடுத்தேன்.
சிங்க் பெட்டி தனி, அதன் கல்லும் தனி.
மாட்டாத கால்கள் பாலிதீன் பையோடு பரணில் கிடக்கின்றன.
அந்த ஒன்றை மட்டும் தூக்கினால் எண்பத்து நாலு.
அவனுக்கு அதுவும் காணாது,
ஆனாலும் ஆறு சென்டிமீட்டர் ஆறு சென்டிமீட்டர்தான்.

செய்துவிடலாம்.
இந்த வாரம் மட்டும்
அப்படியே இருக்கட்டும்.