ஏழரைச் சுற்று

தொடக்கக் கோட்டில் தயாளசீலன் சேர் கை நீட்டினார்.
காதில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன்.
விதி அப்படி.

மூன்று மாதமாய்
பெரியநீலாவணைக் கடற்கரை மணலில்
என்னை இழுத்துப்போனவை அந்த இரண்டு கறுப்பு விதைகள்தான்.
பறை ஏறும் இடத்தில்
முழங்கால் தானாய் உயரும்.
நோவு பின்னால் நடந்து வரும்.

இன்று வெறுங்காது.
என் மூச்சை நானே கேட்கவேண்டியதாயிற்று,
துருப்பிடித்த பம்பி.

மூவாயிரம் மீற்றர். ஏழரைச் சுற்று.
பேரிலேயே சனி.

வெடி கேட்டதும்
நினைவில் கிடந்த பறை கிளம்பிவிட்டது,
தேவைக்கு மேலே வேகமாய்.
இரண்டாம் சுற்றில் முன்னால் நான்.
நான்காவதில் பஸ்மிலா கடந்துபோனாள்,
உதட்டுக்குள் எதையோ எண்ணியபடி.
தொடை இரண்டும் ஈரச் சாக்கு.

அப்போதுதான் கல்முனை மைதானத்து மதிலுக்கு வெளியே
பாண் ஓட்டோ.
பற்றரி இறங்கிய பெட்டியிலிருந்து
அந்த மெட்டு சரிந்து, இழுபட்டு,
ஒவ்வொரு சுரமாய்த் தள்ளாடி வந்தது.
சனம் சிரித்தது.
என் கால் சிரிக்கவில்லை;
இரண்டு எட்டுக்கு ஒரு மூச்சு,
பிறகு மூன்றுக்கு ஒன்று
என்று கணக்கை மாற்றிக்கொண்டது.
ஆறாம் சுற்றில் யாரோ ஓட்டோவை மறித்தார்கள்.
மெட்டு நின்றது.
நான் அதன் மிச்சத்தில் ஓடினேன்.

நான்காம் இடம்.
என் பழைய நேரத்தில் ஒன்பது செக்கன் குறைவு.

வெளியே வந்து
ஒரு சீனிப் பணிஸ் வாங்கினேன்.
"தம்பி, பற்றரியை மாத்திப்போடாதீங்க."
றிஸ்கான் மிச்சக்காசை எண்ணிக்கொண்டே சொன்னான்:
"நாளைக்குப் புதுசு போடுறன், அக்கா.
இந்தச் சத்தத்துக்கு
ஆரும் ஓடி வாறாங்க இல்ல."