மூலம்

துருசிலிருந்து பதினோரு மீற்றர்.
வாய்க்காலின் வலப்பக்கம், கணுக்கால் அளவு தண்ணீர்.
இழுத்தால் முதலில் வருவது வாசம்,
பிறகுதான் கிழங்கு,
சேற்றைவிட மனமில்லாமல்.

படிவத்தில் ஒரு கட்டம்: உள்ளூர்ப் பெயர்.
வலை தோளில் கிடக்க நின்ற திரவியம்
(என் வயதுதான் இருக்கும்)
மேற்கே பார்த்துவிட்டுச் சொன்னான்:
‘பொழுதுபட்டிட்டுது மிஸ், இனி அதின்ரை பேர் சொல்லக்கூடாது.
பேர்சொல்லாதது எண்டே எழுதுங்கோ.’
எழுதினேன்.
விளாத்திமடுக் குளம், மாதிரி இலக்கம் பதினேழு.

கிளிநொச்சியில், ஆய்வுகூடத்தில்,
வேர்நுனியை நசுக்கிச் சாயம் ஏற்றி
நிறமூர்த்தங்களை எண்ணினேன்.
முப்பத்தாறு.
கண்ணைத் துடைத்து எண்ணினேன். முப்பத்தாறு.
மும்மடியம் என்றா சிவமலர் மேடம்,
பூக்கும், காய்க்காது.

அப்படியென்றால் இதைக் குருவி கொண்டுவரவில்லை.
காற்றும் இல்லை, வெள்ளமும் இல்லை.
ஒரு துண்டை முறித்து, மடியில் கட்டிவந்து
யாரோ இந்தச் சேற்றில் ஊன்றியிருக்க வேண்டும்.
அந்தக் கைக்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

ஊர் எழும்பிப் போன வருசங்களில்
கூரைத்தகடு போயிற்று, கதவுநிலை போயிற்று,
துருசின் இரும்புச் சில்லுக்கூடப் போயிற்று.
இது மட்டும்
வருசத்துக்கு ஒரு சாணுக்கும் குறைவாக,
கணுக் கணுவாக,
வாய்க்காலோடு கீழே நகர்ந்திருக்கிறது,
ஆளில்லாத வயலுக்குத் தண்ணீர் காட்டுகிறமாதிரி.

உலோகச் சோதனைக்கு எங்கள் இயந்திரத்தில் விளக்கு இல்லை.
கண்டிக்கு அனுப்பி ஆறு கிழமை.
பதினாறு மாதிரியிலும் ஒன்றுமில்லை.
பதினேழில் ஈயம்.
மேடம் தாளைத் திருப்பிப் பார்த்தா,
பின்பக்கம் வேறு விடை இருக்கும்போல.

அதன் சுபாவம் அது. தண்ணீரில் உள்ளதைக் குடிக்கும்,
கிழங்கில் வைத்துக்கொள்ளும்,
ஒருவருக்கும் சொல்லாது.

திரும்பப் போனோம்.
வாய்க்கால் வாசலில் குந்தியிருந்து
திரவியம் வலைக்கு மணி வார்த்துக்கொண்டிருந்தான்:
மீன்ரின்னில் ஈயம், கீழே பாலைவிறகு,
மணலில் விரலால் குத்திய குழிகள்.
அப்பாடா என்றிருந்தது எனக்கு.
மூலம் கிடைத்துவிட்டது, வலைமணி,
ஒரு வசனத்தில் எழுதி முடிக்கலாம்.

‘ஈயம் எங்கை வாங்கிறனீங்கள்?’

‘வாங்கிறதோ? உழேக்கை வரும்.
மழை பெய்தால் தானா மேலை வரும்.’

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தான்.
கூர்முனை. இன்னும் உருகாதது.

‘இது என்ன...’ என்று தொடங்கினேன்.
அவன் மேற்கே பார்த்தான்.
‘பொழுதுபட்டிட்டுது மிஸ்.’

உண்மையில் சூரியன் ஒரு முழம் உயரத்தில் நின்றது.

குமுதா பிள்ளையோடு வந்தாள்.
பிள்ளையின் மணிக்கட்டில் கறுப்பு நூல்,
நூலில் கோத்து மூன்று துண்டு,
வாய்க்காலில் பிடுங்கியது, அதே இடம்.
பிள்ளை அதைச் சப்பிக்கொண்டு என்னைப் பார்த்தது.
கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று
வாயெடுத்துவிட்டு நிறுத்தினேன்.
நூலை அவிழ்த்தது நான்தான்.
பதிலுக்கு என் பையிலிருந்து ஒரு துண்டு கொடுத்தேன்,
கிளிநொச்சிச் சந்தைக் கடையில் வாங்கியது.
‘இதைக் கையிலை மட்டும் கட்டுங்கோ, உரைச்சுக் குடுக்காதேங்கோ.’
அதை இன்னும் நான் சோதிக்கவில்லை.
அதையும் சொன்னேன்.
குமுதா சிரித்தாள், வாங்கவில்லை.

அறிக்கையின் நாலாம் பக்கம்: மாசின் மூலம்.
‘தெரியாது’ என்று அடித்தேன்.
மேடம் அதை அழித்து
‘அடையாளம் காணப்படவில்லை’ என்றாக்கினா.
மின்சாரம் போய் வந்தபோது
இரண்டும் இல்லை.

பதினேழின் மிச்சம் குளிர்ப்பெட்டியில், இரட்டைப் பையில்.
ஆனாலும் கதவைத் திறந்தால் அந்த வாசம்.
றெஜினோல்ட் தன் சோற்றுப் பார்சலை
கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டான்.
ஏன் என்று அவனும் சொல்லவில்லை.