பட்டியலில் இல்லாத எண்

தை இருபத்தேழு முகூர்த்தம்.
பள்ளத்தூர் வீட்டைத் திறக்கப்
பதினொரு பங்காளிகளில் ஒன்பது பேர் சரி என்றாகிவிட்டது.
மீதி இருவர் மலேசியாவில்.
விடிந்தபின் கூப்பிடச் சொன்னார்கள்,
யாருக்கு விடிந்தபின் என்று சொல்லவில்லை.

கல்யாணத்தை எடுத்து நடத்த
முதலில் வந்தவர் காரைக்குடிக்காரர்.
டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார்.
மேலே பறந்து எடுத்த படத்தில்
எங்கள் வீடு போலவே ஒரு வீடு,
திறந்து வைத்த தீப்பெட்டிகளாக முற்றங்கள்.
"ரெண்டாங்கட்டுல பிங்க் லைட் குடுத்துரலாம் ஆச்சி."

அடுத்து மதுரைக் கம்பெனி.
வெள்ளி, தங்கம், வைரம் என மூன்று பேக்கேஜ்.
வெள்ளியில் கந்தரப்பம் இல்லை,
"அது தங்கத்துல வருது மேடம்."
வைரத்தில் என்ன வரும் என்றேன்.
"ஓனரே வருவார் மேடம்."

தேவகோட்டை சோலைமணி
நாற்பது நிமிடம் பிந்தி வந்தார், மொபெட் செயின் கழன்றதாம்.
சட்டைப் பையில் மைக்கறை.
"எத்தனை புள்ளி வருவாக?" என்றார்.
வேறெதுவும் காட்டவில்லை.

மூவரும் தந்தார்கள்
தாங்கள் நடத்திய கல்யாணங்களின் போன் நம்பர்களை.
கூப்பிட்டேன். நல்லா இருந்துச்சு என்றார்கள் எல்லோரும்.
செலவழித்த பணத்தைத்
தானே திட்ட யாருக்கு மனசு வரும்.

நான் இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் சர்வேயர்.
எரிந்த மில், கவிழ்ந்த லாரி,
வெள்ளம் புகுந்த அரிசி குடோன்.
நன்றாக ஓடும் எதையும்
என்னைக் கூப்பிட்டு யாரும் காட்டியதில்லை.
ஆகவே கேட்டேன்:
"நின்னுபோன ஒரு கல்யாணத்தோட நம்பர் குடுங்க."

"அச்சானியமாப் பேசாதே" என்றது
செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரரின் குரல்.
காரைக்குடி சிரித்தது, அப்படி ஒன்றும் இல்லையே என்று.
மதுரை மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னது.
மேலே இருப்பவர் இன்னும் சொல்லவில்லை.
சோலைமணி பேனாவை உதறினார், எழுதவில்லை.
பத்து இலக்கத்தையும் மனப்பாடமாகச் சொன்னார்.
"மத்தியானம் வேணாம், தூங்குவாக."

கொத்தமங்கலத்தில் ஒரு பெண்குரல்.
விஷயத்தைச் சொன்னதும்
சற்றுநேரம் மிக்ஸி மட்டும் பேசியது.
பிறகு அதை நிறுத்தினார்.

"விடிஞ்சா கல்யாணம்.
ராத்திரி பத்தரைக்கு மாப்பிள்ளை வீட்டுக் கார் திரும்பிருச்சு.
ஏன்னு கேக்காதீக."
கேட்கவில்லை.
"வாசல்ல வாழைமரம் நிக்குது, சீரியல் லைட் எரியுது.
நாங்க யாரும் வெளிய வரலை.
சத்தம் போடாதீங்கடான்னு அவரு ஆளுககிட்டச் சொன்னது
உள்ள கேட்டுச்சு.
கம்பு ஒண்ணைக்கூடக் கீழ போடலை,
கைமாத்திக் கைமாத்தி இறக்கியிருக்காக.
அஞ்சு மணிக்குக் கதவைத் திறந்தா
தெருவுல ஒரு மாவிலை இல்லை.
கால் நட்ட குழியில மண்ணைத் தள்ளித்
தண்ணி தெளிச்சிருந்துச்சு.
பால்காரன் எப்பவும் போல மணி அடிச்சான்.
எம் மக அன்னைக்கு
வாசல் வழியா வெளிய போனா."

அப்புறம்?

"அப்புறம் என்ன, எட்டாம் நாள் கணக்கு வந்துச்சு.
ஆஸ்பத்திரிக்கு அனுப்புன காய்கறி,
திருப்பி வாங்குன பால் அட்வான்ஸ்,
எல்லாம் எழுதி, மிச்சம் நாப்பத்தோராயிரத்து இருநூறு உறையில.
பிரிச்ச கூலி மட்டும் எழுதலை.
கேட்டதுக்கு, கட்டுனாத்தான் கூலின்னாரு.
சரி, சட்னி அரைக்கணும்."

மறுநாள் அட்வான்ஸ் கொடுத்தேன்.
அன்றும் பிந்தித்தான் வந்தார்.
ரசீதில் திருமணத்துக்கு ஒரு சுழி குறைவு;
திருத்தச் சொல்லவில்லை.
பூ அலங்காரத்தில் எட்டாயிரம் குறைத்தேன்,
அது வேறு விஷயம்.

பெங்களூரிலிருந்து மகள் கேட்டாள்,
எப்படிம்மா செலக்ட் பண்ணுன?
வேலை சுத்தமாம் என்றேன்.
பிங்க் லைட் உண்டா?
சொன்னால் போடுவார் என்றேன்.