நீல மையில் நாற்பத்தொன்று

தேன்கனிக்கோட்டையில்
தேர் கிளம்பிய அதே பகலில்
என் வீட்டு வாசலில் ஜீப் நின்றது.
இறங்கியவர் செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளே வரலாமா என்றார்.
எபனேசர், சென்னையிலிருந்து.
அடையாள அட்டையில் சிரிக்காத முகம்,
நேரில் கொஞ்சம் வியர்த்த முகம்.

"சௌடேஸ்வரி?"
"நான்தான்."
"லைசென்ஸ் முடிஞ்சு அறுபத்துமூணு நாளாச்சு."
புதுப்பிக்கப் பணம் கட்டிய ரசீதைக் காட்டினேன்.
ரசீது லைசென்ஸ் ஆகாது என்றார்,
இந்த வருஷம் மழை இல்லை
என்று சொல்வதுபோல.

எடைமேடையில் கணக்கு எழுதுகிறவள் நான்.
கருங்கல் லாரி டயர் பிதுங்க ஏறி நிற்கும்.
திரையில் ஓர் எண் எரியும்.
சீட்டில் எந்த எண் வர வேண்டும் என்று போன் வரும்.
நாற்பது டன்னுக்குக் கண்மூடத் தெரிந்த சாலையில்
என் ஐந்து வாட்டுக்காக
ஒரு ஜீப் டீசல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.
சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"பதிவேடு வச்சிருக்கீங்களா?"
வைக்காமலா?
பரீட்சைக்குப் படித்தபோதே மனப்பாடம்:
பேசியதையெல்லாம் எழுதி வை,
நாள், நேரம், அலைவரிசை, யாரோடு.
கோடு போட்ட நோட்டு, நீல மை,
அடித்தல் திருத்தல் கிடையாது.
பெருமையாகத்தான் எடுத்துக் கொடுத்தேன்.
அவர் விரல் வைத்து எண்ணினார்.
காலாவதிக்குப் பிறகு நாற்பத்தொன்று.

பாலக்கோடு, இரவு ஒன்பது பத்து:
தக்காளி கிலோ நாலு ரூபாய், பறிக்க மனசில்லை.
கொழும்பு, விடிகாலை:
குரல் மங்கல், இருமல் தெளிவு.
அஞ்செட்டி, பதினொன்றே முக்கால்:
பேச ஒன்றுமில்லை, இருக்கிறாயா என்று பார்த்தேன்.

அந்த வரியில் விரல் சற்று நின்றது.
பிறகு அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

வெளியே திருப்பத்தில் தேர்.
விழாக் கமிட்டிப் பையன்கள் கையில்
ஆன்லைனில் வாங்கிய எட்டு வாக்கிடாக்கி.
"கட்டை போடு, இடப்பக்கம், டேய் இடப்பக்கம்!"
கரகரப்பு எங்கள் சன்னல் வழியாக
உள்ளேயே வந்து உட்கார்ந்தது.
நான் எபனேசரைப் பார்த்தேன்.
அவர் சன்னலைப் பார்த்தார்.
"அவங்களுக்கெல்லாம் எங்க ஃபைல்ல விலாசம் இல்லம்மா."

என் விலாசத்தை நானேதான் எழுதிக் கொடுத்தேன்,
பெரிய எழுத்தில், பின்கோடோடு.
சரிபார்க்க ஸ்டேஷனுக்கு மூன்று தடவை அலைந்தேன்.
காட்டுப் பக்கம் யாரோடம்மா பேசப் போற
என்று ரைட்டர் கேட்டார்.
யார் பதில் சொல்கிறார்களோ அவர்களோடு என்றேன்.
அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

பழுப்புத் துணி, நூல், அரக்கு
எல்லாம் கொண்டு வந்திருந்தார் எபனேசர்.
தீப்பெட்டியை மறந்துவிட்டார்.
என் அடுப்படியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
செட் ஒன்று. மைக் ஒன்று. பவர் சப்ளை ஒன்று.
நோட்டுப் புத்தகம் ஒன்று, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம்.
மாடியில் கட்டிய கம்பிக்கு
அவர் படிவத்தில் கட்டம் இல்லை.

செருப்பு மாட்டும்போது கேட்டார்:
"கொழும்பு, அஞ்சு வாட்டுலயா?"
"அஞ்சுகூட இல்ல சார், நாலரை."
ஏதோ சொல்ல வந்து
கையெழுத்துப் போட இன்னோர் இடம் காட்டினார்.

தேர் நிலைக்கு வந்து வேட்டுப் போட்டார்கள்.
கடைக்குப் போய்ப் புது நோட்டு வாங்கினேன்.
கோடு போட்டேன். தேதி எழுதினேன்.
ஒன்பது பத்து, பாலக்கோடு:
கூப்பிட்டிருப்பார்.
என் பக்கம் பதில் இல்லை.